வார்ப்பிரும்பும் மூன்று பாலங்களும்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



வார்ப்பிரும்பு தோசைக்கல்லைக் கை தவறிக் கீழே போட்டால் 'பட்'டென்று இரண்டாகப் போய்விடும். அப்படிப் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே உயரத்திலிருந்து ஒரு கடப்பாரையைப் போடுங்கள். 'ணங்'கென்று சத்தம்தான் வரும், ஒன்றும் ஆகாது. இரண்டும் இரும்புதானே, பின்னே ஏன் ஒன்று உடையுது, ஒன்று உடையலை?

சின்னக் கேள்விதான். ஆனால் இதைச் சரியாக மதிக்காததால் விக்டோரியா மகாராணி காலத்தில் ஓடும் ரயிலோடு பாலங்கள் ஆற்றில் விழுந்திருக்கின்றன. இதைச் சரியாக மதித்துக் கட்டிய ஒரு பாலம் 175 வருஷம் தாண்டியும் நிற்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், விழுந்ததில் ஒன்றையும் நிற்பதையும் வடிவமைத்தவர் ஒரே ஆள்!

'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்றாலே ஃபார்முலாவும் அரியரும்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். அந்தப் பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், கணக்கு ஒன்றும் கிடையாது.

ரயில் ஏன் ஊருக்கு மேலே ஏறியது?

மாட்டுவண்டி ஆற்றங்கரைச் சரிவில் இறங்கும், தண்ணீரைக் கடக்கும், எதிர்க்கரையில் மூச்சுவாங்க ஏறிவிடும். ரயிலுக்கு அது முடியாத காரியம். வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் வழுவழுப்பான இரும்புச் சக்கரம், பிடிமானம் கொஞ்சம்தான். நூறு அடி தூரத்துக்கு ஓர் அடி ஏற்றம் என்றாலே அந்தக் கால என்ஜினுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆகவே ரயில் பாதை முடிந்தவரை மட்டமாகப் போக வேண்டும். நகரத்துக்குள் வந்தால் குறுக்கே தெருக்கள், வீடுகள், ஆறு, ஆற்றில் பாய்மரக் கப்பல்கள். எல்லாவற்றுக்கும் மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

லண்டன் பிரிட்ஜிலிருந்து கிரீனிச் வரை போட்ட பாதை இதற்கு முதல் பெரிய உதாரணம். 1836ல் முதல் பகுதி திறந்தது. விக்டோரியா பட்டத்துக்கு வந்த மறுவருஷம், அதாவது 1838ல், கிரீனிச் வரை முடிந்தது. ஏறத்தாழ மூன்றரை மைல் நீளம், 878 செங்கல் வளைவுகள்! தெருக்கள் வளைவுகளுக்கு அடியில் போயின, ரயில் மேலே போனது.

செங்கல்லை ஏன் வளைவாகவே அடுக்கினார்கள்? செங்கல்லை அமுக்கினால் தாங்கும்; இழுத்தால் தாங்காது. அதிலும் சுண்ணாம்புச் சாந்து பூசிய இணைப்பு இழுவைக்கு லாயக்கே இல்லை. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை நெருக்கிக்கொண்டே சுமையைக் கீழே கடத்திவிடும். எங்கும் இழுவை கிடையாது, எல்லாம் அமுக்கம்தான். ரோமானியர் காலத்திலிருந்து தெரிந்த வித்தை இது.

ஆனால் செங்கல் வளைவுக்கு உயரம் வேண்டும், கனம் அதிகம், நடுவில் தூண்களும் நெருக்கமாக நிற்கும். கப்பல் போகும் ஆற்றில் நீளமான கண் விட்டாக வேண்டும். அங்கேதான் இரும்பு உள்ளே வந்தது.

இரண்டு இரும்பு, இரண்டு குணம்

அந்தக் காலத்தில் பொறியாளர் கையில் இருந்தவை இரண்டு இரும்பு. ஒன்று வார்ப்பிரும்பு. உருக்கி அச்சில் ஊற்றலாம், எந்த வடிவமும் வரும், விலையும் மலிவு. இன்னொன்று தேனிரும்பு. காய்ச்சி, அடித்து, உருட்டிச் செய்வது, விலை ஜாஸ்தி. கொல்லர் பட்டறைச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் இன்று பயன்படுத்தும் எஃகு, பாலம் கட்டும் அளவுக்கு மலிவாகக் கிடைக்காத காலம் அது.

நம்ம லேபில் யூனிவர்சல் டெஸ்டிங் மெஷினில் மைல்டு ஸ்டீல் கம்பியை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். அது முதலில் நீளும், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கும், அப்புறம்தான் அறும். 'நான் போகப் போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிற நல்ல மனசு அதுக்கு! தேனிரும்பும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். வார்ப்பிரும்புத் துண்டை மாட்டி இழுத்தால் நீளாது, ஒடுங்காது, திடீரென்று 'டப்'. முதல் தடவை அந்தச் சத்தத்துக்கு நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அதே வார்ப்பிரும்பை அமுக்கிப் பாருங்கள், மலை மாதிரி தாங்கும்! இழுவையில் தாங்குவதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு அமுக்கத்தில் தாங்கும் என்று ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் என்பவர் 1830களிலேயே சோதனை செய்து எழுதியிருந்தார்.

காரணம் அதன் உள்ளே இருக்கிறது. வார்ப்பிரும்பில் கரி, கிராஃபைட் தகடுகளாக இரும்புக்குள்ளே சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு சின்ன வெட்டு மாதிரி. அமுக்கும்போது வெட்டு மூடிக்கொள்ளும். இழுக்கும்போது வாயைத் திறந்துகொள்ளும். தோசைக்கல் ரகசியம் இவ்வளவுதான்.

இனி ஒரு பீமை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனையும் தாங்கி நிற்க, நடுவில் சுமை ஏறினால் பீம் தொய்யும். மேல்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். அப்படியானால் வார்ப்பிரும்பு பீமில் எந்தப் பக்கம் உடையும்? சரியாகச் சொன்னீர்கள், கீழ்ப்பக்கம்!

செஸ்டர், 1847

ராபர்ட் ஸ்டீபன்சன், புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன். செஸ்டர் நகரில் டீ ஆற்றின்மேல் அவர் ஒரு ரயில் பாலம் வடிவமைத்தார். 1846ல் ரயில் ஓட ஆரம்பித்தது. மூன்று கண்கள், ஒவ்வொன்றும் 98 அடி. வார்ப்பிரும்பில் அவ்வளவு நீளத்துக்கு ஒரே வார்ப்பாக ஊற்ற முடியாது. ஆகவே மூன்று துண்டுகளாக வார்த்து போல்ட் போட்டு இணைத்தார்கள். இழுவைக்குத் துணையாகப் பக்கவாட்டில் தேனிரும்புப் பட்டைகளையும் மாட்டினார்கள்.

பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டைகளின் முனைகளைக் கரைத் தூணில் கட்டவில்லை. அதே கர்டரில்தான் மாட்டியிருந்தார்கள். கர்டருக்குத் துணை போக வேண்டிய பட்டை, கர்டரையே நம்பி நின்றது. போதாக்குறைக்கு, தண்டவாளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் கர்டரின் கீழ் விளிம்பில், ஒரு பக்கமாக மட்டும் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு ரயிலும் கர்டரை அழுத்தியதோடு நிற்காமல் முறுக்கவும் செய்தது.

1847 மே 24. மரத்தளத்தில் என்ஜின் தீப்பொறி பட்டு எரிந்துவிடக் கூடாதே என்று அன்றைக்குத்தான் தண்டவாளத்தின்மேல் ஐந்து அங்குலம் சரளை பரப்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பாலத்துக்கு அது கூடுதல் சுமை. அன்று மாலை ஒரு பாசஞ்சர் ரயில் கடைசிக் கண்ணைக் கடக்கும்போது கர்டர் முறிந்தது. என்ஜின் எப்படியோ கரையேறிவிட்டது, பெட்டிகள் ஆற்றில். ஐந்து பேர் இறந்தார்கள்.

ரயில் தடம்புரண்டு கர்டரில் மோதியதால்தான் உடைந்தது என்று ஸ்டீபன்சன் வாதிட்டார். விசாரித்த அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. கர்டர் பலம் போதாது, திரும்பத் திரும்ப வளைந்து வளைந்து மேலும் பலம் குறைந்தது என்றார்கள். இன்று நாம் 'ஃபட்டீக்' என்று படிக்கிறோமே, அதன் வாசனை அதில் இருக்கிறது. ரயில் பாலங்களில் இரும்பை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய அரசு ஒரு கமிஷன் போட்டது. அறிக்கை 1849ல் வந்தது.

நியூகாசில், 1849

இப்போது கதையின் இன்னொரு பக்கம். செஸ்டர் பாலம் விழுந்தபோது அதே ஸ்டீபன்சனின் இன்னொரு பாலம் டைன் ஆற்றின்மேல் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு கரையில் நியூகாசில், மறு கரையில் கேட்ஸ்ஹெட். இரண்டு கரையும் செங்குத்து. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. ரயில் மட்டமாகப் போக வேண்டுமானால் தண்ணீர் மட்டத்துக்கு நூறு அடிக்கும் மேலே போயாக வேண்டும். பெயரே 'ஹை லெவல் பிரிட்ஜ்'தான்.

முதலில் அஸ்திவாரம். 1846 அக்டோபரில் பைல் அடிக்க ஆரம்பித்தார்கள். அதுவரை கனமான கட்டையைக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போட்டு அடிப்பதுதான் வழக்கம். இங்கே ஜேம்ஸ் நாஸ்மித்தின் நீராவிச் சுத்தியல் வந்தது. நிமிடத்துக்கு அறுபது அடி, எழுபது அடி என்று இறக்கித் தள்ளியது. அப்படியும் நடுத்தூணுக்குக் கட்டிய காஃபர்டேமுக்குள் மணலோடு தண்ணீர் பொங்கிக்கொண்டே இருந்தது. மாசக்கணக்கில் பம்ப் வைத்து இறைத்தும் தீராமல், கடைசியில் கான்கிரீட்டைக் கொட்டித்தான் அடக்கினார்கள்.

தூண்களுக்கு மேலே ஆறு கண்கள், ஒவ்வொன்றும் 125 அடி. இரண்டு தளம்: மேலே ரயில், கீழே சாலை. இங்கேயும் வார்ப்பிரும்பும் தேனிரும்பும்தான். ஆனால் வடிவம் வேறு.

வில்லைப் பார்த்திருப்பீர்கள். வளைந்த தண்டு, அதன் இரு முனையையும் இழுத்துப் பிடிக்கும் நாண். ஹை லெவல் பாலத்தின் ஒவ்வொரு கண்ணும் படுக்க வைத்த வில்தான். வளைந்த பகுதி வார்ப்பிரும்பு. வளைவு என்பதால் அதில் அமுக்கம். ஆனால் எந்த வளைவும் சுமை ஏறினால் காலை அகட்டப் பார்க்கும். உயரமான தூண்மேல் அது காலை அகட்டினால் தூணையே வெளியே தள்ளிவிடும். ஆகவே இரண்டு காலையும் தேனிரும்பு நாணால் கட்டிவிட்டார்கள். நாணில் முழுக்க இழுவை. அமுக்கத்துக்கு வார்ப்பிரும்பு, இழுவைக்குத் தேனிரும்பு. அவரவருக்குத் தெரிந்த வேலையை அவரவரிடம் கொடுத்தாயிற்று! தூணுக்கு வந்து சேர்வது நேர் எடை மட்டும்தான்.

1849 செப்டம்பரில் விக்டோரியா மகாராணியே வந்து திறந்துவைத்தார். மேல் தளத்தில் இன்றும் ரயில் போகிறது.

யோசித்துப் பாருங்கள். அதே ஆள், அதே காலம், அதே இரண்டு இரும்பு. செஸ்டரில் வார்ப்பிரும்பைப் படுக்கப் போட்டு அதன் வயிற்றை இழுக்க விட்டார். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. நியூகாசிலில் அதே பொருளை அமுக்கத்தில் நிறுத்தினார், இன்னும் நிற்கிறது. பொருளில் குற்றமில்லை, கேட்ட வேலையில்தான் குற்றம்.

இந்தப் பாலத்துக்காக இரு கரையிலும் ஏழைகளின் வீடுகள் ஏராளமாக இடிபட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரத்துப் பாலத்தின் விலையில் அவர்கள் பங்கும் உண்டு.

டண்டீ, 1879

பாடம் தெரிந்தாயிற்று, இனி விழாது என்று நினைப்பீர்கள். முப்பது வருஷம் கழித்து ஸ்காட்லாந்தில் டண்டீ நகரம், சணல் ஆலைகளுக்குப் பேர்போன ஊர். டே ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு ரயில் பாலம். வடிவமைத்தவர் தாமஸ் பவுச். 1878 ஜூனில் திறந்தது. அடுத்த வருஷம் அவருக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது.

கோளாறு மண்ணில் ஆரம்பித்தது. போர் போட்டுப் பார்த்து, அடியில் பாறை இருக்கிறது என்றார்கள். தூண் கட்டப் போனால் ஆற்று நடுவில் அது பாறையே இல்லை. கெட்டிப்பட்ட மெல்லிய சரளை அடுக்கு, அதற்குக் கீழே சேறு! கனமான செங்கல் தூண் தாங்காது. ஆகவே எடையைக் குறைக்க, செங்கல்லுக்குப் பதில் ஆறு ஆறு வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்களைக் கூட்டாக நிறுத்தினார்கள். தூண்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கண்களை 245 அடி வரை நீட்டினார்கள்.

வார்ப்பிரும்புத் தூணில் அமுக்கம்தானே, நல்லதுதானே? ஆமாம், நேர் எடைக்கு நல்லதுதான். ஆனால் காற்று பக்கவாட்டில் அடித்தால்? அதற்காகத் தூண்களைக் குறுக்காகத் தேனிரும்புப் பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். அந்தப் பட்டை எதில் மாட்டப்பட்டது? தூணோடு சேர்த்தே வார்த்த காதுகளில். பட்டை இழுத்தால் காதுக்கு இழுவை. காதோ வார்ப்பிரும்பு! முப்பது வருஷத்துக்கு முந்தைய தப்பு, பெரிய கர்டரிலிருந்து சின்னக் காதுக்கு இடம் மாறி வந்து உட்கார்ந்துவிட்டது. காதிலிருந்த போல்ட் துளையையும் துரப்பணம் போடாமல் அப்படியே வார்த்திருந்தார்கள். துளை கூம்பு மாதிரி இருந்ததால் போல்ட் ஓர் ஓரத்தில் மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. காற்றுக்கென்று பவுச் தனியாகக் கணக்கும் போடவில்லை.

வார்ப்படச் சாலையிலும் சரியில்லை. வார்ப்பில் காற்றுக் குமிழி ஓட்டை விழுந்தால், மெழுகு, குங்கிலியம், இரும்புத்தூள், கரி எல்லாம் குழைத்து ஒரு களிம்பு செய்து அடைத்துவிடுவார்கள். மேலே பெயிண்ட் அடித்தால் யாருக்குத் தெரியும்? அந்தக் களிம்புக்கு 'போமான்ட் எக்' என்று பட்டறையில் செல்லப் பெயர் வேறு.

பாலத்தைக் கண்காணிக்க ஹென்றி நோபிள் என்பவரைப் போட்டிருந்தார்கள். கொத்து வேலை அறிந்தவர். இரும்பு வேலை அவருக்குப் பழக்கமில்லை. குறுக்குப் பட்டைகள் தளர்ந்து கடகடவென்று ஆடும் சத்தம் அவர் காதில் விழுந்தது. அவர் அலட்சியமாக இருந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. இரும்புத் துண்டுகளை வாங்கி இடுக்குகளில் ஆப்பு மாதிரி செருகிச் சத்தத்தை நிறுத்தினார். ஆனால் பட்டை ஏன் தளர்ந்தது என்று கேட்கவில்லை, பவுச்சுக்கும் தகவல் சொல்லவில்லை. சத்தம் நின்றது, நோய் நிற்கவில்லை.

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழேகால் மணி. புயல் காற்று. ரயில் நடுப்பகுதியின் உயரமான கர்டர்களுக்குள் நுழைந்தது. அந்தப் பகுதியின் 13 கர்டர்களும் தூண்களோடு ரயிலையும் சேர்த்து ஆற்றில் சாய்ந்தன. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 75 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். யார் யார் என்று உறுதியானது 59 பேர்.

விசாரணையில் காதுகளைச் சோதித்தபோது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த சுமையிலேயே உடைந்தன. வடிவமைப்பும் மோசம், கட்டியதும் மோசம், பராமரிப்பும் மோசம் என்று தீர்ப்பானது. பெரும்பழி பவுச்சின் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தே போனார். பக்கத்திலேயே 1887ல் புதுப் பாலம் திறந்தது. பழைய தூண்களின் அடிக்கட்டைகள் அதன் ஓரத்தில் இன்றும் தண்ணீருக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன.

அதற்கப்புறம்

இனிமேல் சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தம் என்று கணக்கிட வேண்டும் என்று விதி வந்தது. 1877ல்தான் பாலங்களில் எஃகு பயன்படுத்த பிரிட்டனில் அனுமதி கிடைத்திருந்தது. எஃகு இழுவையையும் தாங்கும், அமுக்கத்தையும் தாங்கும். எடின்பரோவுக்கு அருகில் 1890ல் திறந்த ஃபோர்த் பாலம் முழுக்க எஃகு. 1,710 அடியில் இரண்டு பெரிய கண்கள். அங்கேயும் கவனித்துப் பாருங்கள்: அமுக்கம் வரும் உறுப்புகள் பெரிய குழாய்கள், இழுவை வரும் உறுப்புகள் பின்னல் கர்டர்கள். பொருள் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை.

பழைய வார்ப்பிரும்பு கர்டர்கள் அவ்வளவு சீக்கிரம் போகவும் இல்லை. 1891 மே மாதம் லண்டனுக்குத் தெற்கே நார்வுட் ஜங்ஷனில் ஒரு வார்ப்பிரும்பு கர்டர் ரயிலுக்கு அடியிலேயே முறிந்தது. உள்ளே மறைந்திருந்த ஓட்டைதான் காரணம். நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகுதான் வரிசையாக மாற்ற ஆரம்பித்தார்கள். செஸ்டரிலிருந்து எண்ணினால் 44 வருஷம்!

நமக்கு என்ன?

'அவன் நாட்டுக் கதை, நமக்கெதுக்குப்பா?' என்று சிலர் கேட்கலாம். நம்ம ஆர்.சி.சி. பீம் என்ன? கான்கிரீட் அமுக்கத்துக்கு, கீழே போடும் கம்பி இழுவைக்கு. நியூகாசிலின் வில்லும் நாணும் கான்கிரீட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன, அவ்வளவுதான். சன்ஷேடில் மட்டும் கம்பி மேல்பக்கம் வர வேண்டும், ஏனென்றால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பதில் மேல்பக்கம்தான் இழுபடும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால்? சென்ட்ரிங் பிரித்த அன்றே சன்ஷேடும் கூடவே வரும்!

இன்பிளான்ட் டிரெயினிங் போன ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) தூணுக்குப் பலகை பிரித்தபோது உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. இன்ஜினீயர் வருவதற்குள் கலவையைக் குழைத்து அப்பி, மட்டப் பலகையால் தேய்த்துவிட்டார்கள். அன்று எனக்கு டண்டீ தெரியாது. இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் புரிந்தது, அந்தக் கலவைக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டு என்று!

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் ஸ்டீபன்சன் ஆவோமோ தெரியாது. ஆனால் டிப்ளமோ முடித்து வெளியே போனதும் நம்மில் பாதிப்பேருக்கு முதலில் கிடைக்கப்போவது ஹென்றி நோபிளின் வேலைதான். சைட்டில் காலையிலிருந்து மாலைவரை நிற்கப்போவது நாம். சத்தம் முதலில் நம் காதில்தான் விழும்; விரிசல் முதலில் நம் கண்ணில்தான் படும். அப்போது ஆப்பு செருகிச் சத்தத்தை நிறுத்தாமல், 'இது ஏன் ஆடுது?' என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்; சைட் ஆர்டர் புக்கில் தேதி போட்டு எழுதுங்கள்.

பரீட்சையில் தப்பாக எழுதினால் நமக்கு ஒரு அரியர். சைட்டில் தப்பு விட்டால் அதை எழுதிப் பாஸ் பண்ண இன்னொரு செமஸ்டர் கிடையாது.